ஊருக்காக நடந்த சொரிமுத்து

கூட்டாங்குளத்துக்காரர்கள் யோசிக்காமல் காரியம் செய்கிறவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எதைச் செய்தாலும் ஊர் கூடி உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, ஆற அமர யோசித்துவிட்டுத்தான் செய்வார்கள். கோளாறே அங்கேதான்.

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு குளத்தைச் சுற்றி இருக்கிறது அந்த ஊர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குக் கஷ்டம் வந்தால் எல்லோரும் படவேண்டியதில்லை, ஊர் சார்பாக ஒருத்தன் பட்டால் போதும். மழைக்காக ஊரே மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டால் மந்திரம் என்கிறவன் தலையை நீட்டுவான். மற்றவர்கள் எண்ணெய் தேய்த்து வகிடெடுத்துச் சீவிக்கொண்டு அவனோடு கோயிலுக்குப் போவார்கள். ஊர் விரதம் என்றால் பட்டினி மந்திரத்துக்கு, அவன் பங்குச் சோறு மற்றவர்களுக்கு. ஒருமுறை தடுப்பூசி போட வந்த நர்சம்மாவிடம், "எல்லா ஊசியையும் இவனுக்கே போட்டுருங்கம்மா, இவந்தான் எங்க ஊரு ஆளு" என்று அவனைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். நர்சம்மா அன்றைக்கு யார் வீட்டிலும் காபி குடிக்காமல் போய்விட்டார்.

இந்த ஊரில்தான் சொரிமுத்துவுக்குக் கல்யாணம் ஆகாமல் தள்ளிக்கொண்டே போனது.

பெண் கிடைக்காமல் இல்லை. பெண் அடுத்த தெருவிலேயே இருந்தாள். உச்சிமாகாளியின் மகள் முப்பிடாதி. அவளுக்கு இவனைப் பிடித்திருந்தது, இவனுக்கோ அவளைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. ஆனால் ஆனி மாதத்தில்தான் அவள் கழுத்தில் தாலி ஏற வேண்டும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். ஆனி வந்தால் அந்தப் பக்கம் சாரல். சாரல் வந்தால் கூட்டாங்குளத்தில் வீட்டுக்கு வீடு சளி. தாலியைத் தூக்குகிற நேரத்தில் எவனாவது தும்மிவிட்டால் அந்த முகூர்த்தம் செல்லாது என்பது ஊர்க்கட்டு. அப்புறம் அடுத்த ஆனி வரை காத்திருக்க வேண்டியதுதான்.

முதல் தடவை தும்மியவர் நாயனக்காரர். வாயில் நாயனத்தை வைத்துக்கொண்டே தும்மியதால் அது ராகத்தில் ஒரு பிடி போலக் கேட்டது, பலர் தலையைக்கூட ஆட்டினார்கள். ஆனால் மனுஷர் நியாயஸ்தர். "அது ராகமில்ல, தும்மல்தான்" என்று தானே எழுந்து ஒத்துக்கொண்டார். போன வருஷம் தும்மியவர் ஊர்த்தலைவர் கோம்பையா. யாரும் தும்மக்கூடாது என்று எச்சரிக்க எழுந்து நின்று, பாதிப் பேச்சில் தும்மினார்.

இந்த வருஷம் சித்திரை பிறந்ததுமே முப்பிடாதி அவனைக் குளத்துப் படிக்கட்டில் மறித்தாள்.

"இந்த ஆனியும் போச்சுன்னா எங்கப்பா என்னையக் கோவில்பட்டிப் பக்கம் கொடுத்துருவாரு. அங்க சாரலும் கெடையாது, சளியும் கெடையாதாம். மாப்பிள்ளை பாத்தாச்சு."

"ஆளு எப்படி இருக்கான்?"

"மூக்கு நல்ல வறண்ட மூக்குன்னு அப்பா சொல்லுதாரு."

சொரிமுத்து அதற்குமேல் படிக்கட்டில் நிற்கவில்லை. அன்றைக்கே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கே புதிதாக வந்திருந்த டாக்டரம்மா சிரித்த முகத்தோடு எதையும் விளக்கமாகச் சொல்கிறவர். அதனால்தான் வந்தது வினை.

"ஊருக்குப் பூராவும் ஒரே ஒரு மாத்திரை வேணும்மா. தாலி ஏறுற நேரத்துக்கு மட்டும் எவனும் தும்மப்படாது."

"அப்படி மாத்திரை கிடையாதுங்க. ஆனா உங்க உடம்புக்குள்ளேயே காவல்காரங்க இருக்காங்க. வெள்ளணுக்கள்னு பேரு. நாள் பூரா உக்காந்தே கிடந்தா அவங்களும் ஒரு ஓரமா முடங்கிக் கிடப்பாங்க. நீங்க தினமும் வேகமா நடந்தா ரத்தம் நல்லா ஓடும், அவங்களும் உடம்பு முழுக்க ரோந்து சுத்துவாங்க. சளிக் கிருமி உள்ள நுழைஞ்சா சட்டுன்னு பிடிச்சுருவாங்க."

"எவ்வளவு வேகம்மா?"

"நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது. அந்த வேகம். தினமும் அரை மணி நேரம் போதும். அதுக்காக மட்டு மீறிப் போயிறாதீங்க. ஓய்வே இல்லாம உடம்பை வருத்தினா காவல்காரங்களும் களைச்சுப் போவாங்க, சளி இன்னும் சுலபமா பிடிக்கும். நடையும் வேணும், நல்ல தூக்கமும் வேணும்."

சொரிமுத்து வழிநெடுக இதையே மனப்பாடம் செய்துகொண்டு வந்து, ஒரு சொல் விடாமல் ஊர்க்கூட்டத்தில் ஒப்பித்தான். கூட்டம் அசந்துபோனது. இத்தனை காலம் தங்கள் உடம்புக்குள் காவல்காரர்கள் இருந்தும் ஒரு வாய் காபி கொடுக்காமல் இருந்துவிட்டோமே என்று கோம்பையாவுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

"நீரு குடிக்கிற காபி உள்ளதானவே போவுது, அது அவங்களுக்குத்தான்" என்று உச்சிமாகாளி சமாதானம் சொன்னார்.

"அப்ப காபியக் குடிச்சுட்டுத்தான் தூங்குதானுவளா, களவாணிப்பயலுவ!"

சரி, அவர்களை எழுப்ப நடக்க வேண்டும். யார் நடப்பது என்ற கேள்விக்கே இடமில்லை. எல்லோரும் மந்திரத்தைப் பார்த்தார்கள். அவன் தன் மொட்டைத்தலையைத் தடவிக்கொண்டு, "நான் தலை கொடுக்கேன், பட்டினி கெடக்கேன். காலையும் கேட்டா எப்படி? கல்யாணம் யாருக்கு, அவன் நடக்கட்டும்" என்றான். நியாயமான பேச்சாகவே பட்டது.

"சொரிமுத்து ஊருக்காக நடக்கட்டும்" என்று கோம்பையா தீர்ப்புச் சொன்னார். "நல்ல தூக்கமும் வேணும்னு டாக்டரம்மா சொல்லிருக்காங்கல்லா. நடைய அவன் பாத்துக்கிடட்டும், தூக்கத்த நாம பாத்துக்கிடுவோம்."

தூக்கத்தின் பொறுப்பை ஊர் அன்று மத்தியானமே ஏற்றுக்கொண்டது.

மறுநாள் விடிந்ததும் சொரிமுத்து குளத்தைச் சுற்ற ஆரம்பித்தான். வீட்டுக்கு ஒரு சுற்று என்று பேச்சு. ஒவ்வொரு சுற்றையும், "இது கோம்பையா சித்தப்பா வீட்டுக்கு", "இது உச்சிமாகாளி மாமா வீட்டுக்கு" என்று உரக்கச் சொல்லிவிட்டுத் தொடங்குவான். மாமா வீட்டுச் சுற்றில் கொஞ்சம் கூடுதலாகக் கை வீசுவான், ஏனென்றால் அந்த வீட்டில்தான் முப்பிடாதியும் இருந்தாள். அவரவர் வீட்டுச் சுற்று ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கக் கரையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார்கள். கோம்பையா வேகத்தைச் சோதிக்கிற பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

"ஏல, பேசு!"

"பேசுதேன் சித்தப்பா!"

"இப்பம் பாடு!"

சொரிமுத்து வாயைத் திறந்து பாடிப் பார்ப்பான். பாட்டு வந்துவிட்டால் அந்தச் சுற்று தள்ளுபடி, மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும். அவனுக்கு இயல்பிலேயே பாட்டு வராது. ஆனால் கோம்பையாவுக்குச் சங்கீத ஞானம் கிடையாது என்பதால் பல நல்ல சுற்றுகள் வீணாகப் போயின.

கோம்பையாவுக்கு முட்டி வலி. அவர் சார்பாக நடக்கிறவன் கம்பீரமாக நடந்தால் அது எப்படி அவர் நடையாகும்? ஆகவே அவர் வீட்டுச் சுற்றைச் சொரிமுத்து நொண்டி நொண்டி முடித்தான். மந்திரம் பீடி குடிக்காமல் நாலடி எடுத்து வைக்கமாட்டான். அதனால் அவன் சுற்றில் பாதி வழியில் உட்கார்ந்து, பழக்கமில்லாத பீடியைப் பற்றவைத்து இருமிவிட்டு எழுந்தான். உச்சிமாகாளிக்கு ஒரு குறை இருந்தது.

"எனக்காக நடக்கியே, எனக்கு ஏன் மாப்ள வேர்க்கல?"

"நான் வேர்க்கேனே மாமா."

"அது உம் வேர்வை. என் வேர்வை எங்க?"

அதற்காகச் சொரிமுத்து இன்னொரு சுற்று போனான்.

இப்படியே சித்திரை போய் வைகாசி வந்தது. சொரிமுத்து நன்றாகத்தான் ஆனான். முகம் தெளிந்தது, பசி எடுத்தது, மூக்கில் ஒரு சொட்டு நீர் இல்லை. கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்தபோது ஊரில் வழக்கம்போல எல்லோரும் தும்மினார்கள், அவன் மட்டும் தும்மவில்லை. கயிற்றுக் கட்டிலில் படுத்துக் கிடந்த கோம்பையா தும்மிய தும்மலில் கட்டில் கயிறு தளர்ந்துவிட்டது.

ஊர் உடனே கூடியது. இந்தத் தடவை முகங்கள் சரியில்லை.

"நடந்தது யார் பேர்ல?" என்று ஆரம்பித்தார் கோம்பையா.

"நம்ம பேர்ல."

"எந்திரிச்ச காவல்காரங்க யாரு உடம்புல இருக்காங்க?"

"அவன் உடம்புல."

"அப்ப நம்ம காவல்காரங்க எங்க?"

எல்லோரும் அவரவர் உடம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு உச்சிமாகாளி மெல்லச் சொன்னார். "காலைல கோம்பையா பேரச் சொல்லிக் கூப்பிட்டான், கோம்பையா வீட்டுக் காவல்காரங்க எந்திரிச்சு அவங்கூடப் போயிட்டாங்க. எம் பேரச் சொன்னான், எங்க வீட்டாளுவளும் போயிட்டாங்க. நாம தூங்கிக்கிட்டு இருந்தோம், பாக்கல."

சொரிமுத்து பதறி எழுந்தான். "மாமா, சத்தியமா நான் யாரையும் கூட்டிட்டுப் போகல."

"நீ கூட்டிட்டுப் போகலடே, அவங்களாத்தான் வந்திருக்காங்க. ஆனா இருக்கது உங்கிட்டல்லா? திருப்பிக் கொடுத்துரு. இல்லன்னா கல்யாணத்துல நாங்க தும்மத்தான் செய்வோம், எம் மக கோவில்பட்டிக்குப் போகத்தான் செய்வா."

எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று அடுத்த விவாதம். அவனைத் தொட்டால் அவரவர் காவல்காரர் அவரவரிடம் தாவி வந்துவிடுவார் என்று மந்திரம் சொன்னான். ஆள் மாறி வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் பயந்தார். "மாறாது. எங்க வீட்டு உப்பத் தின்னவன் என்னையக் கண்டா அடையாளம் தெரியாமலா போயிருவான்?" என்றார் கோம்பையா. எல்லோருக்கும் திருப்தி. உடனே தொடுவதற்காக மொத்த ஊரும் ஒரே நேரத்தில் எழுந்து சொரிமுத்துவை நோக்கிப் பாய்ந்தது.

அத்தனை பேர் ஒருவன்மேல் பாய்ந்தால் எவனும் என்ன செய்வான்? சொரிமுத்து ஓடினான்.

அன்றிலிருந்து தினமும் காலையில் இதுதான். முன்னால் சொரிமுத்து, பின்னால் ஊர். முதல் நாள் கோம்பையா பத்தடி ஓடி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் மதகு வரைக்கும் வந்தார். வைகாசி முடிவதற்குள் முட்டி வலியை எங்கே வைத்தோம் என்றே அவருக்கு ஞாபகமில்லை. கயிற்றுக் கட்டில்களில் கோழிகள் படுத்துக்கொண்டன.

ஆனால் தினமும் முதலில் போய்த் தொட்டவள் முப்பிடாதிதான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் வருவதைப் பார்த்தால் சொரிமுத்துவின் கால்கள் தானாகவே தளர்ந்துவிடும். "வந்துட்டாங்களா உங்க ஆளுங்க?" என்று மூச்சு வாங்கக் கேட்பான். "ஒண்ணு ரெண்டு பேருதான் வந்திருக்கானுவ, நாளைக்கும் வாரேன்" என்பாள் அவள். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவன் நாள் பூரா ஓடத் தயாராக இருந்தான். மனுஷன் மனசு அப்படித்தான் இருக்கிறது, அதைக் குற்றம் சொல்லி என்ன செய்ய?

ஒருநாள் அந்த வழியாக ஜீப்பில் போன டாக்டரம்மா வண்டியை நிறுத்தச் சொன்னார். ஊரே வேர்க்க விறுவிறுக்க ஓடி வருவதைப் பார்த்து அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ரொம்ப சந்தோஷமா இருக்குங்க! என்ன விசேஷம்?"

"களவாணியப் பிடிக்கோம்மா!" என்று ஓடியபடியே சொன்னார் உச்சிமாகாளி.

டாக்டரம்மா அதைக் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தார். "நல்லது, நல்லது. தினமும் பிடிங்க, ஒருநாளும் விட்டுறாதீங்க!"

சர்க்கார் டாக்டரே சொல்லிவிட்ட பிறகு அப்பீல் ஏது?

இதற்கிடையில் சொரிமுத்துவின் பழைய வேலையும் நிற்கவில்லை. "எடுத்தத் திருப்பிக் கொடுக்கது வேற, ஒத்துக்கிட்டத முடிக்கது வேற" என்று கோம்பையா சொல்லிவிட்டார். ஆகவே காலையில் ஊருக்குப் பயந்து ஓட்டம், சாயங்காலம் ஊர் சார்பாக நடை. நொண்ட வேண்டிய இடத்தில் நொண்டினான், பீடி குடிக்க வேண்டிய இடத்தில் குடித்தான். ஓடிக் களைத்தவன் நடக்கும்போது பாட்டு எங்கே வரும்? அந்த வகையில் சோதனையில் எல்லாச் சுற்றும் தேறியது. படுத்தால் கால் குடைச்சலில் தூக்கம் வரவில்லை. கன்னம் ஒட்டிப்போய், கல்யாணத்துக்குத் தைத்த சட்டைக்குள் இன்னொரு ஆளும் நுழையலாம் என்கிற அளவுக்கு மெலிந்துபோனான். மட்டு மீறக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னது அவ்வப்போது நினைவுக்கு வரும். ஆனால் அவன் தனக்காக ஒரு சுற்றுகூட நடக்கவில்லை, எல்லாம் ஊருக்காக நடந்தது. அப்படியிருக்க அது எப்படித் தன் கணக்கில் மட்டு மீறும் என்று அவனுக்கு விளங்கவில்லை.

ஆனி பிறந்தது. சாரல் வந்தது. கூட்டாங்குளத்தில் ஒருவர்கூடத் தும்மவில்லை. நம்ப முடியாமல் சிலர் மூக்கில் பொடி போட்டுப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தார்கள். பெண்கள் அடித்துப் பிடித்து அந்த யோசனையைத் தடுத்தார்கள்.

கல்யாணத்தன்றும் ஓட்டத்தை விடவில்லை. ஒருநாளும் விடக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை ஓட, பட்டுச் சேலையில் பெண் துரத்த, பின்னாலே நாயனமும் மேளமும் ஓட, குளத்தைச் சுற்றி முடித்து சாரலில் நனைந்தபடியே எல்லோரும் பந்தலுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். ஐயர் வெளியூர்க்காரர். இது என்ன சம்பிரதாயம் என்று கேட்கப் பயந்து அவரும் கூடவே ஓடி வந்திருந்தார்.

முகூர்த்த நேரம் வந்தது. தாலித் தட்டு எல்லோர் கையிலும் பட்டு வந்து சேர்ந்தது. கெட்டிமேளம் கொட்டச் சொல்லி ஐயர் கையை உயர்த்தினார். நாயனக்காரர் கண்ணை உருட்டித் தன் மூக்கையே பார்த்துக்கொண்டு வாசித்தார். பக்கத்தில் இருப்பவர் மூக்கை இவரும், இவர் மூக்கை அவரும் பார்த்தார்கள். ஒரு மூக்கும் அசையவில்லை. சொரிமுத்து இரண்டு கையாலும் தாலியைத் தூக்கினான். இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்குத்தானே. முப்பிடாதி தலையைக் குனிந்தாள். அவன் கண் கலங்கியது. கண் கலங்கியதும் மூக்கு கலங்கியது.

பந்தல் அதிர ஒரு தும்மல் கேட்டது. தும்மியவன் மாப்பிள்ளை.

மேளம் நின்றது. சொரிமுத்து தாலியைத் தூக்கிய கை தூக்கியபடியே, அழத் தயாராக நின்றான். ஊர், நின்ற இடத்திலேயே கூட்டமாகிவிட்டது.

"மாப்பிள்ளைக்கு ஆகாதுன்னுதான தும்மல் சகுனம் பாக்கோம்? மாப்பிள்ளையே தும்மினா அது யாருக்குச் சகுனம்? செல்லும்" என்றார் உச்சிமாகாளி.

"எப்படிச் செல்லும்? தும்முனவன் தாலி கட்டலாமா?" என்று கேட்டார் கோம்பையா.

"தும்மினது மூக்குல்லா. கட்டுதது கை. கை என்ன பாவம் செஞ்சது?"

"மூக்குக்கும் கைக்கும் ஒரே ரத்தந்தானவே ஓடுது? டாக்டரம்மா அதத்தான சொன்னாங்க?"

தும்மியவன் கட்டக்கூடாது என்று முடிவானது. முகூர்த்தமோ நழுவிக்கொண்டிருந்தது. அப்போது மந்திரம் எழுந்து, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"நமக்காக அவன் எவ்வளவு நடந்திருக்கான், பாவம். இப்பம் அவன் சார்பா நான் கட்டிருதேன். ஊருக்கு ஒரு ஆளு கட்டினாப் போதும்லா?"

பலர் தலையை ஆட்டிவிட்டார்கள். சிலர் அட்சதையை ஓங்கிக்கூட விட்டார்கள். சொரிமுத்து தாலியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

முப்பிடாதி நிமிர்ந்தாள். "உமக்கு நேர்ந்தது மொட்டை. அதோட நில்லும்" என்று மந்திரத்திடம் சொல்லிவிட்டுக் கோம்பையாவைப் பார்த்தாள். "மாமா, யாரு கட்டணும்ங்கீங்க?"

"தும்மாத ஆளு யாராவது கட்டணும் தாயி."

"நான் தும்மினேனா?"

கோம்பையா யோசித்தார். "நீ தும்மல."

"அவரு தும்முனதுக்குப் பதிலா நான் கட்டினா ஊர்க்கட்டுக்கு ஏதும் கொறையா?"

ஆற அமர யோசித்ததில் ஒரு குறையும் தென்படவில்லை. முப்பிடாதி சொரிமுத்துவின் கையிலிருந்து தாலியை வாங்கினாள், அவன் கழுத்தில் ஏற்றினாள், இரண்டு முடிச்சுப் போட்டாள். மேளம் கெட்டியாகக் கொட்டியது. மூன்றாவது முடிச்சு நாத்தனார் போடுவது, இப்போது யார் போடுவது என்று ஐயர் தவித்தார். பெண் வீட்டுச் சார்பாக உச்சிமாகாளியே எழுந்து வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மருமகன் பிடரியில் அதை இறுக்கிப் போட்டார். எல்லோரும் அட்சதை தூவி, "தீர்க்க சுமங்கலியா இருப்பா" என்று சொரிமுத்துவை வாழ்த்தினார்கள்.

பெண்கள் அவனை ஓரமாக உட்கார வைத்து, வீங்கியிருந்த கால்விரலில் மெட்டியைப் பாடுபட்டு மாட்டிவிட்டார்கள். நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். "இனி அவளப் பேரு சொல்லிக் கூப்பிடப்படாது, கேட்டியா?" என்று புத்தி சொன்னார்கள். சொரிமுத்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கல்யாணம் ஆகிவிட்டது, அவனுக்கு அது போதும்.

பிறகு எழுந்து முப்பிடாதியிடம் போய், தாலியைச் சட்டைக்குள் பத்திரமாக விட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து, கால் கட்டைவிரலால் தரையைக் கீறியபடி சொன்னான்.

"ஏங்க, சாரல் வலுக்குது. நம்ம வீட்டுக்குப் போவமாங்க?"